காலித் தோட்டாக் கணக்கு

தேர்தல் தேதியை டி.வி.யில் அறிவித்த இரண்டாம் நாள் எனக்குப் போன் வந்துவிடும். “அய்யா, வழக்கம்போலக் கொண்டாந்து வெச்சிருங்க.” அய்யா என்பது நான். வழக்கம் என்பது சட்டம். கொண்டுபோய் வைக்க வேண்டியது என் பன்னிரண்டு போர் டபுள் பேரல் துப்பாக்கி.

எனக்கு வயது 67. ராணுவத்தில் 24 வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். திருத்துறைப்பூண்டியில் இறங்கி ‘மிலிட்டரி வீடு’ என்று கேட்டால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். தேசத்தின் எல்லையை என்னை நம்பி விட்டார்கள். எங்கள் தெரு முனையில் இருக்கிற பூத்தை என்னை நம்பி விட மாட்டார்கள். எல்லையில் எதிரி மட்டும்தான் இருந்தான். இங்கே வேட்பாளர் இருக்கிறார்.

துப்பாக்கியை யூரியா சாக்கில் சுற்றிக் கட்டி டவுன் பஸ்ஸில் ஏறுவேன். போன தடவை கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, “என்னா பெரியவரே, கடப்பாரையா?” என்றார். ஆமாம் என்றேன். கடப்பாரைக்கு லக்கேஜ் உண்டாம். கொடுத்தேன்.

போலீஸ் நிலையத்தில் என்னைப்போல இன்னும் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கடற்படையில் இருந்தவர். ஒருவர் பழைய மிராசுதார் வீட்டுப் பேரன். தாத்தா சுட்ட புலியைப் பற்றிப் பேசுவார், டெல்டாவில் ஏது புலி என்று யாரும் கேட்பதில்லை. மற்ற இருவர் பேங்க் வாசலில் நின்று ரிட்டயர் ஆனவர்கள். ஐந்து பேருக்கும் சர்க்கரை. இரண்டு பேருக்குக் கண்புரை. எங்கள் ஐந்து பேர் கையையும் காலியாக்கிய பிறகுதான் இந்த மாவட்டத்தில் ஜனநாயகம் மூச்சு விடுகிறது.

ரசீது கொடுப்பார்கள். துப்பாக்கி எண், லைசென்ஸ் எண், தோட்டா ஐந்து. எண்ணித்தான் எழுதுவார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத் திரும்ப வாங்கும்போது ரசீதில் எழுதாத விஷயங்கள் தெரியும். ஒரு தடவை குழலில் துரு. ஒரு தடவை தோல் வாரை எலி தின்றிருந்தது. எந்த ஊர் நிலையம் என்று எழுத மாட்டேன். டெல்டா எலிக்கு எல்லா ஊரும் ஒன்றுதான்.

சட்டம் என்றேன். சட்டம் அப்படிச் சொல்லவும் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு ஸ்கிரீனிங் கமிட்டி உட்கார்ந்து, யார் கையில் இருந்தால் ஆபத்து என்று ஆள் ஆளாகப் பார்க்க வேண்டும். அதுதான் தேர்தல் ஆணையத்தின் ஏற்பாடு. லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக மொத்தப் பேரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. என்ன செய்வது? ஆள் ஆளாக யோசிப்பதைவிட ஆள் ஆளாகப் போன் போடுவது சுலபம்.

‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ என்று ஸ்விட்சர்லாந்தில் ஓர் அமைப்பு இருக்கிறது. 2018-ல் அது வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் பொதுமக்கள் கையில் இருப்பது சுமார் 7 கோடித் துப்பாக்கி. அதில் லைசென்ஸ் உள்ளவை ஒரு கோடிக்கும் குறைவு. மிச்சம் ஆறு கோடிக்கு யார் போன் போடுவது? நம்பர் இல்லையே. நம்பர் கொடுத்தவனைத்தான் கூப்பிட முடியும். யோக்கியன் என்றால் விலாசம் உள்ளவன் என்று அர்த்தம்.

அது போகட்டும். இந்த மாநிலத்தில் துப்பாக்கி தேர்தலை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. காசு நிறுத்தியிருக்கிறது. 2016 மே மாதம் தஞ்சாவூரில் நின்றது, அரவக்குறிச்சியில் நின்றது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரில் நின்றது. 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நின்றது. நாலு இடத்திலும் பிடிபட்டது பணம். பணத்தைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள், முடிவு வந்த பிறகு திருப்பித் தருகிறோம் என்று எந்த நிலையத்திலிருந்தாவது எந்தக் கட்சி ஆபீசுக்காவது போன் போயிருக்கிறதா? அதே 2016 மே மாதம், திருப்பூர் பக்கம் மூன்று கண்டெய்னர் லாரிகளைப் பறக்கும் படை மடக்கியது. உள்ளே 570 கோடி ரூபாய். ஊரே வாயைப் பிளந்தது. பாரத ஸ்டேட் வங்கி வந்து, எங்கள் பணம், விசாகப்பட்டினம் போகிறது என்றது. சரி என்று விட்டார்கள். என் சாக்கை மட்டும் கண்டக்டர் தட்டிப் பார்க்கிறார்.

பேங்க் பணம் என்றால் எனக்கும் கொஞ்சம் தெரியும். 2002-லிருந்து 16 வருஷம் ஒரு பேங்க் வாசலில் நின்றவன் நான். ராணுவத்திலிருந்து வந்ததும் செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர் கேட்ட முதல் கேள்வி, “சொந்தத் துப்பாக்கி இருக்கா?” இருந்தால் ஒரு சம்பளம், இல்லாவிட்டால் ஒரு சம்பளம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் துப்பாக்கியின் சம்பளம். மிச்சம் இருப்பது 24 வருஷ சர்வீசின் சம்பளம். என் துப்பாக்கி என்னைவிட அதிகம் சம்பாதித்தது. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் அதை வாங்கினேன்.

அந்த 16 வருஷத்தில் நான் சுட்டது பூஜ்யம். நிரப்பிய சலானுக்குக் கணக்கே இல்லை. “மிலிட்டரி, இதுல தொகைய எழுதிக் கொடுங்க.” “தம்பி, கண்ணாடிய மறந்துட்டேன்.” அப்போது தேர்தல் வந்தால் எனக்குப் போன் வராது. பேங்க் காவலாளிக்கு விலக்கு உண்டு. அடுத்தவன் பணத்தைக் காக்கும்போது என் துப்பாக்கி சாது. நான் வேலையை விட்டு வீட்டுக்கு வந்த மறுநாள் அதற்கு வெறி பிடித்துவிட்டது.

ஒரே ஒரு தடவை அது ஜனங்களுக்கு எதிராக நின்றது. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். சம்பா வேலை நடக்கிற மாதம். கூட்டுறவு பேங்க்கில் மாற்ற முடியாது என்று அடுத்த வாரமே உத்தரவு. விவசாயிக்கு இருக்கிற பேங்க் அதுதான். எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். வெயிலில் நின்ற கிழவிகளை, “வரிசை, வரிசை” என்று துப்பாக்கிக் கட்டையால் ஒதுக்கினேன். அவர்கள் கேட்டது அவர்கள் பணத்தை. திருட வந்தவர்களிடமிருந்து பணத்தைக் காக்கத்தான் என்னை வைத்தார்கள் என்று 14 வருஷமாக நினைத்திருந்தேன்.

துப்பாக்கி யார் கையில் இருந்தால் ஆபத்து என்பதை இந்தக் காவிரி மண் கமிட்டி போடாமலே கற்றுக்கொண்டது. 1968 டிசம்பர் 25. எனக்குப் பத்து வயது. கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிகள் அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டார்கள். 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். வந்த மிராசுதார் கும்பலிடம் துப்பாக்கி இருந்தது. கீழ்க்கோர்ட் தண்டித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைப்பார்களா என்று அந்தத் தீர்ப்புக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேலிக்கணக்கில் நிலம் இருந்தால் சந்தேகத்தின் பலன் உண்டு. எனக்கு மூணு மா. எனக்குச் சந்தேகம் மட்டும்தான்.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் அதே சந்தேகம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும். உயிருக்கு ஆபத்து இருக்கிறதா? இல்லை என்றால், பிறகு துப்பாக்கி எதற்கு? இருக்கிறது என்றால், எஃப்.ஐ.ஆர். எங்கே? என்னைக் கொல்ல நாலு பேர் தேட வேண்டும் என்றால் நான் முதலில் நாற்பது பேர் குடியைக் கெடுத்திருக்க வேண்டும். அப்படிக் கெடுத்தவர்கள் லைசென்ஸுக்கு அலைவதில்லை. அவர்களுக்கு அரசாங்கமே கன்மேன் கொடுக்கிறது. எக்ஸ், ஒய், இசட் என்று எழுத்து வாரியாக. ஆங்கிலத்தில் இன்னும் 23 எழுத்து மிச்சம் இருக்கிறது. தலைவர்களுக்குத் தட்டுப்பாடு வராது. ஒரு விஷயம்: 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். அரிவாளுக்கு லைசென்ஸும் இல்லை, ஸ்கிரீனிங் கமிட்டியும் இல்லை. பட்டறையில் சாணை பிடித்து வாங்கிக்கொள்ளலாம்.

துப்பாக்கியை நான் கொண்டாடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதை வருஷக்கணக்கில் தோளில் சுமந்தவனுக்கு அதன்மேல் காதல் இருக்காது. கணக்குதான் இருக்கும். ஃபயரிங் ரேஞ்சில் சுட்டு முடித்ததும் நாங்கள் முட்டி போட்டு எம்ப்டி பொறுக்குவோம். எம்ப்டி என்றால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு. ஐம்பது ரவுண்டு வாங்கினால் ஐம்பது எம்ப்டி திரும்ப வேண்டும். ஒரு நாள் 49 தான் வந்தது. பிளட்டூன் முழுக்கப் புல்லை விரலால் கோதினோம். சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது. இருட்டப் போகும்போது ஒருவன் பூட்ஸ் மடிப்பிலிருந்து அது கீழே விழுந்தது. பிறகு வரிசையில் நின்று ஒவ்வொருவனும் உரக்கச் சொன்னோம்: என்னிடம் தோட்டாவோ எம்ப்டியோ இல்லை. ஐம்பதில் ஒரு கூடு. பழைய பித்தளைக்கு விற்றால் ஒரு டீ கிடைக்காது. ஆனாலும் அரசாங்கத் தோட்டா எங்கே போயிற்று என்று அரசாங்கத்துக்குத் தெரிந்தாக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்களும் நம்பினோம்.

2018 மே 22. தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லிப் போராடிய நூறாவது நாள், கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தார்கள். 13 உயிர் போயிற்று. மஞ்சள் பனியன் போட்ட ஒருவர் வேன் கூரைமேல் ஏறிக் குறி பார்க்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் ஆளைப் பார்க்கவில்லை. கையில் இருந்த சாமானைப் பார்த்தேன். தூரத்து எதிரிக்காகச் செய்த நீளக் குழல் ரைஃபிள். மனுக் கொடுக்க வந்தவர்களுக்காகச் செய்தது அல்ல. என்ன நடந்தது என்று கேட்டபோது, டி.வி.யைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதலமைச்சர். அதைக் கேட்டு என் மனைவிகூடச் சிரிக்கவில்லை. என் ஐந்து தோட்டா எந்த அறையில், எந்தப் பையில் இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரியும். தன் தோட்டா யார் முதுகில் இருக்கிறது என்பது டி.வி. போட்டால்தான் தெரியும்.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தைப் போட்டார்கள். ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைந்து நின்று சுட்டிருக்கிறார்கள் என்றது அறிக்கை. 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சட்டமன்றத்தில் வைத்தது 2022 அக்டோபரில். எம்ப்டி பொறுக்கவே நாலரை வருஷம். நாங்கள் இருட்டுவதற்குள் முடிப்போம்.

ஆயுத ஒப்படைப்பு என்றதும் எனக்கு இன்னொரு ஞாபகம் வரும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும். 1983-க்குப் பிறகு எங்கள் பக்கத்து ஒரத்தநாட்டுத் தோப்புகளில் ஈழத்துப் பையன்கள் பயிற்சி எடுத்தார்கள். வேதாரண்யத்திலிருந்தும் கோடியக்கரையிலிருந்தும் படகு போயிற்று. துப்பாக்கி யார் கொடுத்தது என்று கரையில் கருவாடு காய வைத்த கிழவிக்குத் தெரியும். நாடாளுமன்றத்துக்குத்தான் தெரியாது. 1987 ஜூலை 29-ல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் போட்டார்கள். கொடுத்ததையெல்லாம் சில நாட்களில் திருப்பி வாங்கிவிடலாம் என்று நினைப்பு. ஆகஸ்ட் 5 அன்று பலாலியில் ஒப்படைப்புச் சடங்கு நடந்தது. மேஜைமேல் கொஞ்சம் வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். மிச்சம் எங்கே இருந்தது என்று அக்டோபரில், அமைதிப்படையில் போயிருந்த எங்களுக்குத் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே இருந்து ஓர் அம்மா, “ஆரது?” என்றார். தமிழில் பதில் சொன்னேன். கதவு திறக்கவில்லை. இந்தியில் சொல்லியிருந்தால் ஒருவேளை பயந்து திறந்திருப்பார்.

போன சிப்பாய்களில் 1,100 பேருக்கு மேல் திரும்பவில்லை. அவர்களுக்குப் பெயர் எழுதிய கல் உண்டு. அங்கே செத்த ஜனங்களுக்கு எம்ப்டி பொறுக்க யாரையும் அனுப்பவில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைக்குக் கப்பலில் வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்க வரவில்லை. என்னோடு இருந்தவர்களுக்குக் கோபம். எனக்கு இல்லை. நான் அவராக இருந்தால் நானும் வந்திருக்க மாட்டேன். கொடுத்து அனுப்பியவர்களும் பிடுங்க அனுப்பியவர்களும் எந்த நிலையத்திலும் எதற்கும் ரசீது வாங்கவில்லை. ஐந்து தோட்டாவுக்கு நான் வாங்குகிறேன்.

“தாத்தா, இத வெச்சு என்னத்தச் சுட்டீங்க?” என்று தெருப் பையன்கள் கேட்பார்கள். கடைமடையில் சுடுவதற்கு என்ன இருக்கிறது? ஜூன் 12 அன்று மேட்டூரில் பூத்தூவித் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வராமல் எங்கோ நின்றுவிட்டால், யாரைச் சுடுவது? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் என் ஓட்டைப் பிய்த்து எறிந்தபோது துப்பாக்கி கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. நானும் அதோடு கட்டிலுக்கு அடியில்தான் இருந்தேன். உதயமார்த்தாண்டபுரத்துக்கு வருகிற நாரைகளைச் சுடலாம். அவை எனக்கு என்ன கெடுதல் செய்தன? ஓட்டுக் கேட்டுக்கூட வந்ததில்லை.

ஒரு அறுவடையில் ஒரு கொள்முதல் நிலையத்து வாசலில் என் நெல் கிடந்தது. பத்து நாள். மேலே தார்ப்பாய் இல்லை, வானம் இருந்தது. மூட்டைக்கு இவ்வளவு வெட்டினால் எடை போடுவார்களாம். மூட்டைக்குள் முளை விட்டது. பக்கத்து வயல் தம்பி காதில் சொன்னான்: “மிலிட்டரிண்ணே, அந்தச் சாமான எடுத்துட்டு வந்து சும்மா தோள்ல மாட்டிக்கிட்டு நில்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.” வேறு ஒன்றும் வேண்டாம்தான். லைசென்ஸ் ரத்து, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், ரிமாண்ட். மூட்டைக்குக் காசு கேட்டவர்தான் முதல் சாட்சி. காசை வெட்டினேன். எடை போட்டார்கள். ரசீது? எடைக்குத்தான் கொடுத்தார்கள்.

போன தேர்தலில் துப்பாக்கியை வைத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். “நீங்க அந்தப் பக்கம் போனீங்க, இந்தப் பக்கம் வந்துட்டுப் போயிட்டாங்க” என்றாள் மனைவி. சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்கு அடியில் வெள்ளைக் கவர்.

“திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?”

“குடுத்தா எதிராளின்னு எழுதிக்குவாங்க. நாளைக்குப் பட்டா மாத்தணும், ஓ.ஏ.பி. கேக்கணும், யாருகிட்டப் போயி நிப்பீங்க? துப்பாக்கியக்கூட வெச்சுட்டு வந்துட்டீங்க.”

சாயந்திரம் ஒரு பையன் நோட்டோடு வந்தான். சின்ன வயசில் என் முன்னால் சல்யூட் அடித்து விளையாடியவன். சரிபார்க்க வந்தானாம். வாக்காளர் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்டியிருந்தான். பாகம் எண், வரிசை எண், கதவு எண். எங்கள் வீட்டில் நாலு ஓட்டு. திருப்பூரில் இருக்கும் மகன் பெயருக்கு நேரே ‘வெளியூர், பஸ்ஸுக்குத் தனி’ என்று பென்சிலில் குறிப்பு. அதற்கு முந்தின வருஷம் செத்துப்போன என் அக்கா பெயர் பட்டியலில் இன்னும் இருந்தது. அதைச் சிவப்பு மையில் அடித்து, தேதி போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருந்தான்.

“இவ்வளவு கணக்கு எதுக்குடா?” என்றேன்.

“மேல ஆடிட் உண்டு தாத்தா. ஒரு கவர் குறைஞ்சாலும் எங்க கையிலேருந்து போடணும்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். பழக்கம் விடாது, பக்கத்துக்குப் பக்கம் கூட்டியும் பார்த்தேன். ஒரு எம்ப்டிகூடக் குறையவில்லை.